நாலணா விளைவும் சட்டசபை வினாவும்

மக்கட் பிரதிநிதி ஒருவர் சபையிலே எழுந்து நின்று அரசாங்கத்தை நோக்கி வினாவும் உரிமை இக்காலத்திற் பெரிதாகத் தோன்றுவதில்லை. நாடோறும் பத்திரிகைகளிற் காணப்படுவதாகலின் அதன் அருமை மறைந்து போயிற்று. பிரித்தானியர் ஆண்ட இந்தியாவிலோ அவ்வுரிமை படிப்படியாகவே கிடைத்தது. 1861 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சபைகளில் உறுப்பினர் தம்முன் வைக்கப்பட்ட மசோதாவைக் குறித்துப் பேசலாமேயன்றி, ஆட்சி நடைபெறும் வகையைப் பற்றி ஒரு வினாவேனுங் கேட்டல் இயலாது. 1892 இல் வினாவும் உரிமை வழங்கப்பட்டது; ஆயினும் ஆறு நாள் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும்; பெற்ற விடையின்மேல் மறுவினா எழுப்பலாகாது; தலைமை வகிப்பவர் விரும்பின் வினாவையே மறுத்துவிடலாம். 1909 ஆம் ஆண்டின் மின்ரோ–மோர்லிச் சீர்திருத்தத்தின் பின்னரே, முதலில் வினாவியவர் மட்டும் துணைவினாக் கேட்கவும், பொது நன்மை பற்றித் தீர்மானங் கொண்டுவரவும் இடம் உண்டாயிற்று. அத்தீர்மானம் நிறைவேறினும் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. வெறுஞ் சிபார்சாகவே நிற்கும்.

இத்துணைக் குறுகிய உரிமை வயலில் உழைக்குங் கமக்காரனுக்கு யாது பயன் தந்தது? இதனை ஆராய்தற்கு 1917–18 இல் பம்பாய் மாகாணத்துக் கேடா மாவட்டத்தில் நிகழ்ந்தவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பதரிது. அந்நிகழ்ச்சி காந்தியடிகளின் சத்தியாக்கிரக வரலாற்றில் ஓர் அத்தியாயமாக யாவர்க்குந் தெரிந்ததே. அதற்கு முன்னர்ச் சட்டசபையில் நடைபெற்ற முயற்சி அத்துணைப் பேசப்படுவதில்லை.

கேடா என்பது குசராத்தின் நடுப்பகுதியிலுள்ளது. அதன் சரோத்தர்ப் பகுதி யாழ்ப்பாணத்தைப் போலவே புகையிலைக்குப் பெயர்பெற்றது. ஏனைய ஊர்களிற் கம்பு, வரகு, நெல், பருத்தி முதலியன விளையும். அங்கு நிலவியது இரயத்துவாரி முறை. அஃதாவது இடையிலே சமீன்தார் இன்றிக் கமக்காரனே நேராக அரசாங்கத்துக்கு வரி செலுத்தும் முறை. அவ்வரி விளைவில் ஒரு பங்கு அன்று. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை அளந்து தரம் பிரித்து, இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு பணம் என்று விதிக்கப்பட்ட தொகை அது. முடியாட்சிக் காலத்து இறை விளைந்த நெல்லோடு கூடியுங் குறைந்தும் வந்தது. இப்பணவரியோ மழை பொய்த்தாலும் மாறாது. தவணை தவறினால் வரியின் நாலிலொரு பங்கு தண்டமாக ஏறும்; கால்நடையும் பண்டபாத்திரமும் ஏலத்திற் போகும்; ஈற்றில் நிலமே பறிமுதலாகும்.

இதன் கடுமையைத் தணித்தற்பொருட்டு ஒரு விதி இருந்தது. நிறைந்த விளைவைப் பதினாறு அணாவாகக் கொண்டு, அவ்வாண்டு விளைவு எத்தனை அணா என மதிப்பிடுவர். அது நாலணாவுக்குக் குறையின் அவ்வாண்டு வரி முழுவதும் ஒத்திவைக்கப்படும். ஆறணாவுக்குக் குறையின் பாதி வரி ஒத்திவைக்கப்படும். ஒத்திவைத்தல் என்பது தள்ளுபடி அன்று. பின்னொரு நல்ல ஆண்டில் அதனைக் கட்டியே ஆகவேண்டும். கேடா மக்கள் கேட்டது வரியை நீக்கும்படி அன்று, பொறுக்கும்படியே என்பதை மறந்துவிடின் பின்னர் எழுந்த பூசலின் அளவு புலனாகாது.

1917 ஆம் ஆண்டு அங்கு மழை பொய்க்கவில்லை, மிகுந்தது. ஓயவேண்டிய காலத்தில் ஓயாது பெய்த மழையால் முற்றிய பயிர் வயலிலேயே அழிந்தது. கொள்ளைநோயும் பரவியமையால் மக்கள் பலர் வீட்டை விட்டு ஊர்ப்புறத்திற் குடிசையிட்டு வாழ்ந்தனர். போர்க்காலமாதலின் பண்டங்களின் விலையும் ஏறிற்று. எனினும் ஏறத்தாழ 600 ஊர்களுள் ஒரேயோர் ஊருக்கு மட்டும் முழுவரியும், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களுக்குப் பாதிவரியும் ஒத்திவைக்கப்பட்டன. எஞ்சிய ஊர்களில் விளைவு ஆறணாவுக்கு மேற்பட்டது என்பது அரசாங்கத்தின் துணிபு.

அந்த அணாக் கணக்கை யார் இட்டார்? இதுவே வழக்கின் உயிர்நிலை. தலாத்தி எனப்படும் ஊர்க்கணக்கன், ஊர்த்தலைவனின் உதவியோடு வயலைப் பார்த்து ஒரு மதிப்பை எழுதுவான். அவன் அறுத்துப் போரடித்து அளந்து பார்ப்பதில்லை, கண்மதிப்பே கணக்காகும். சம்பளஞ் சிறிதாகிய அவ்வுத்தியோகத்தன் வரி குறைய எழுதின் மேலாரின் சினத்துக்கு ஆளாவான். கூட்டி எழுதின் அவனுக்குக் கேடு யாதுமில்லை. அவன் எழுதிய எண் தாலுக்காக் கச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து கலெக்டரிடஞ் சென்று, கமிஷனரிடஞ் சென்று, பம்பாய்ச் செயலகத்தை அடையும்போது ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகிவிடும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் அதன் மதிப்பு உயர்ந்ததேயன்றி, எவரும் மீண்டும் வயலுக்குச் சென்று பார்த்திலர். அதிகாரிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கேடா வளமான மாவட்டம். விளைபொருளின் விலை உயர்ந்திருந்தது. நனைந்த மண்ணிற் பின்பருவப் பயிர் நன்கு வரும் என அவர்கள் எதிர்பார்த்தனர். ஆயின் வளமான மாவட்டத்தில் எல்லாருஞ் செல்வரல்லர். விற்க விளைவில்லாதவனுக்கு விலையேற்றம் சுமையேயாகும்.

இவ்விடயத்தை அரசாங்கத்தின் முன் வைத்தவர் இருவர். ஒருவர் கோகுல்தாஸ் கஹண்தாஸ் பரேக். 1901 இல், வரிபாக்கிக்காகப் பறிமுதலான நிலத்தை மீளக் கொடுக்கும்போது அதனை விற்கவும் ஈடுவைக்கவும் உரிமையின்றிக் கொடுக்க வழிசெய்யும் மசோதா ஒன்று பம்பாய்ச் சபைக்கு வந்தது. அதனை ஆற அமர ஆராயவேண்டும் என்ற கோரிக்கை தோற்றபோது பிரோஸ்ஷா மேத்தா, கோகலே முதலியோருடன் சபையை விட்டு வெளியேறியவருள் பரேக்கும் ஒருவர். மற்றவர் விட்டல்பாய் பட்டேல். வல்லபாய்க்கு மூத்தவராகிய அவர் 1873 இற் பிறந்தவர். இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானவர். 1912 இல் பம்பாய்ச் சட்டசபைக்குத் தெரிவானவர். கேடாவின் கரம்சத் கிராமத்துப் பட்டிதார்க் குடும்பத்தவராகலின் நாலணா இன்னது, ஆறணா இன்னது என்பதை அவர் நூலிற் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. விதிகளின் சந்துபொந்துகளை அறிந்து எதிர்த்தரப்பை மடக்குவதில் அவர் பேர்போனவர். பிற்காலத்தில் 1925 முதல் 1930 வரை மத்திய சட்டசபையின் தலைவராயிருந்தபோது அத்திறமையே அரசாங்கத்துக்குப் பெருந் தலையிடியாயிற்று.

ஊரில் மோகன்லால் பண்டியாவும் சங்கர்லால் பரிக்கும் மக்களைத் திரட்டினர். மக்களின் முறையீடு இவ்விருவர் வாயிலாகப் பம்பாய்ச் சபையை எட்டியது. இவ்வாறு வயலில் நின்றாரும் சபையில் நின்றாரும் ஒருங்கிணைந்தமை அக்காலத்திற் புதுமையே. அதற்கு முன்னைய சபையுறுப்பினர் பலர் பெருநகரத்து வழக்கறிஞர்; கிராமத்தை அறிக்கைகள் வாயிலாக அறிந்தவர். இந்தியப் பணியாளர் சங்கத்தைச் சார்ந்த அமிர்தலால் தக்கர் முதலியோர் நேரிற் சென்று நிலைமையை ஆராய்ந்து, கமிஷனரோடும் பேசினர். தேசாதிபதியிடம் தூது சென்றோரும் பலர். குசராத்துச் சபை என்னும் பொதுமன்றம் மனுவுந் தந்தியும் விடுத்தது. விடைகள் யாவும் ஒரே போக்கின. அதிகாரிகள் தக்கவாறு மதிப்பிட்டுள்ளனர், முடிவை மாற்றக் காரணமில்லை என்பதே அவற்றின் சாரம்.

இவ்விடைகளை வெறும் பிடிவாதத்தால் எழுந்தனவென்று கொள்ளுதல் போதாது. சபையில் எழும் வினா செயலகத்துக்குச் செல்லும். செயலகம் அதனைக் கமிஷனருக்கு அனுப்பும். கமிஷனர் கலெக்டரைக் கேட்பார். கலெக்டர் தாலுக்கா அதிகாரியைக் கேட்பார். அவர் தலாத்தியின் ஏட்டைப் புரட்டுவார். எவனுடைய கணக்குப் பிழையென்று வினா எழுந்ததோ அவனுடைய கணக்கே விடையாகத் திரும்பி வரும். உறுப்பினர் துணைவினாவை எத்துணைக் கூர்மையாகத் தொடுப்பினும் அவ்வட்டத்தை உடைத்தல் அரிது. அதனாற்றான் நடுநிலையாளர் ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்துக என்ற கோரிக்கை எழுந்தது. கேட்பார்க்கு அது மிக எளிய கோரிக்கை. அரசாங்கத்துக்கோ அது தன் இறைமைக்கு இழுக்காகத் தோன்றிற்று. நிலவரியிற் குடிமக்களோடு சரிநிகராக நின்று மூன்றாமவரின் தீர்ப்பை ஏற்பதாயின், அத்தீர்ப்பு ஒரு மாவட்டத்தோடு நில்லாது எனவும் அது அஞ்சிற்றுப் போலும்.

மற்றொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இதே விட்டல்பாய் இதே சபையிற் கொண்டுவந்த மசோதாவே நகரசபைகள் தம் எல்லையிற் கட்டாய ஆரம்பக் கல்வியை ஏற்படுத்த இடந்தந்த 1918 ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. ஒரே மனிதர், ஒரே சபை, ஏறக்குறைய ஒரே காலம். கல்வி பற்றி அவர் சொன்னது சட்டமாயிற்று, வரி பற்றி அவர் கேட்டது காற்றிற் போயிற்று. உறுப்பினரின் திறமையைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க முடியாது. முன்னையதன் பொறுப்பை நகரசபைகள் ஏற்றன. பின்னையதோ அரசாங்கத்தின் கருவூலத்தையே தொட்டது.

சபையின் வழி அடைபட்டபின் மற்றை வழி திறந்தது. 1918 மார்ச்சு 22 இல் நடியாத்திற் காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். எஞ்சிய வரியைத் தாமாகக் கட்டுவதில்லை எனவும், ஏழைகளுக்கு ஒத்திவைப்பின் வசதியுள்ளோர் கட்டுவர் எனவும் மக்கள் உறுதிமொழி எடுத்தனர். கால்நடைகள் கைப்பற்றப்பட்டன, நிற்கும் பயிரும் பற்றுக்கையிடப்பட்டது. முறையின்றிப் பற்றப்பட்டது எனக் கருதிய வயலிலிருந்து வெங்காயத்தை அகழ்ந்த மோகன்லால் பண்டியா சிறை சென்று, மீண்டபோது ‘வெங்காயத் திருடர்’ என்னும் பட்டத்தைப் பெருமையோடு தாங்கினார். வல்லபாய் தம் வழக்கறிஞர் தொழிலை ஒதுக்கிவைத்து ஊரூராகத் திரிந்தார். யூன் 6 ஆம் நாள் போராட்டம் முடிவுற்றது. வசதியுள்ளோர் கட்டினால் வறியோர்க்கு ஒத்திவைக்கப்படும் என அதிகாரிகள் இசைந்தமையே முடிவுக்குக் காரணம். அவ்வாறான கட்டளை ஏப்ரில் மாதத்திலேயே பிறந்திருந்தும் மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை என்பது பின்னரே தெரிந்தது. அப்போது வரியிற் பெரும்பகுதி தண்டப்பட்டுவிட்டது; நூற்றுக்கு எட்டு வீதமே நிலுவையில் நின்றது. வறியோர் யாவர் எனத் தீர்மானிக்கும் உரிமையும் மக்கள் கைக்கு வரவில்லை. காந்தியடிகள் தாமே இம்முடிவில் மகிழ்ச்சி கொள்ளவில்லை.

1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாகாணங்களில் இரட்டையாட்சியை அமைத்தபோது கல்வியும் சுகாதாரமும் மந்திரிமாரிடம் விடப்பட்டன. நிலவரி ஒதுக்கப்பட்ட துறையாகத் தேசாதிபதியின் நிருவாக சபையிடமே நின்றது. ஆகவே சபை விரிந்தது, உறுப்பினர் பெருகினர், வினாக்களும் பெருகின; கமக்காரனைப் பற்றிய வினாவுக்கு விடையளிப்பவர் மட்டும் சபைக்குக் கடப்பாடுடையவரல்லர்.

பத்தாண்டுகள் கழித்துச் சூரத்து மாவட்டத்துப் பர்தோலித் தாலுக்காவில் நிலவரி ஏறத்தாழ 22 வீதத்தால் உயர்த்தப்பட்டது. சபையுறுப்பினர் முறையிட்டனர், பயன் விளையவில்லை. 1928 இல் வல்லபாயின் தலைமையில் மக்கள் வரிகொடா இயக்கந் தொடங்கினர். கன்னையாலால் முன்ஷி சட்டசபைப் பதவியைத் துறந்தார். மத்திய சட்டசபைத் தலைவராயிருந்த விட்டல்பாய், அப்பதவியில் இருந்துகொண்டே இயக்க நிதிக்கு ஆயிரம் ரூபா அனுப்பி, போராட்டம் முடியுமளவும் மாதந்தோறும் அத்தொகையை அனுப்புவதாக அறிவித்தார். 1918 இல் மறுக்கப்பட்ட கோரிக்கையை இம்முறை அரசாங்கம் ஏற்றது. நீதித்துறையைச் சார்ந்த புரூம்பீல்டும் வருவாய்த்துறையைச் சார்ந்த மக்ஸ்வெல்லும் விசாரணைக்கு நியமிக்கப்பட்டனர். அவர்கள் கச்சேரியில் இருந்துவிடாது ஊர்களுக்கே சென்று, குத்தகைக் கணக்குகளைக் கமக்காரரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தனர். வரியுயர்வுக்கு அடிப்படையாகக் காட்டப்பட்ட அக்கணக்குகள் உரியவாறு சரிபார்க்கப்படாதவை என்பது அப்பொழுது வெளியாயிற்று. 22 வீதமாக நின்ற உயர்வை அவர்கள் 6.03 வீதமாகக் குறைத்தனர்.