இரண்டு துடிப்புகளுக்கு நடுவே

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவாமி மலையின் விளிம்பில் நின்று கடலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பருவமும் கடலும் ஒத்துவந்தால் அங்கிருந்தே நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும் நீர்ப்புகையைக் காணலாம். உலகின் மிகப் பெரிய விலங்கைக் கரையில் நின்றபடி பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. திருகோணமலைக்கு அந்தப் பேறு வாய்த்ததற்குக் காரணம் கடலடியில் கிடக்கிறது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே ஒரு பெரும் பள்ளத்தாக்கு கடலுக்குள் இறங்குகிறது. துறைமுக வாயிலைத் தாண்டிச் சில கிலோமீற்றருக்குள் ஆழம் ஆயிரம் மீற்றரைக் கடந்துவிடும். ஆழ்கடல் உயிர்கள் ஊருக்கு இவ்வளவு கிட்ட வந்துபோக அதுவே பாதை.

1979 இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் 1982 முதல் 1984 வரை, ஹால் வைற்ஹெட் தலைமையில் ‘ரூலிப்’ என்ற சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து குறிப்பெடுத்தார்கள். உலகம் திருகோணமலையின் நீலத் திமிங்கிலங்களை ஆராயத் தொடங்கியது அப்போதுதான்.

இவ்வளவு பெரிய உடம்புக்கு இரத்தம் அனுப்பும் இதயம் எப்படி இருக்கும்? ஒரு காரின் அளவு இருக்கும், அதன் நாடிக்குள் மனிதர் நீந்திப் போகலாம் என்று புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தன. அளந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது 2014 இல். கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் பனிக்கட்டிக்குள் சிக்கிச் சில நீலத் திமிங்கிலங்கள் இறந்தன. கரையொதுங்கிய ஒன்றின் இதயத்தை ரொறன்ரோவிலுள்ள றோயல் ஒன்ராறியோ நூதனசாலையினர் வெட்டி எடுத்தார்கள். ஜேர்மனிக்கு அனுப்பிப் பதப்படுத்தி, 2017 இல் காட்சிக்கு வைத்தார்கள். எடை ஏறக்குறைய 180 கிலோ. பெருநாடிக்குள் ஒரு மனிதத் தலை நுழையும், உடம்பு நுழையாது. கார்க் கதை அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்த இதயத்தின் உண்மையான அதிசயம் அதன் பருமனில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. உயிரோடு நீந்தும் நீலத் திமிங்கிலத்தின் துடிப்பை எப்படி எண்ணுவது? ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி கோல்ட்போகன் குழுவினர் உறிஞ்சுக் கிண்ணங்கள் பொருத்திய ஒரு கருவியைச் செய்தார்கள். கிண்ணங்களுக்குள் ஈசிஜி எடுக்கும் மின்வாய்கள் இருந்தன. கலிபோர்னியாவின் மொன்ரரே குடாவில், படகிலிருந்து நீண்ட கம்பால் அதை ஒரு திமிங்கிலத்தின் உடலில் ஒட்டினார்கள். அது வழுக்கிப் போய் இடது துடுப்பருகே, இதயத்துக்குப் பக்கத்தில், நின்றுகொண்டது. எட்டரை மணித்தியாலப் பதிவு கிடைத்தது. முடிவுகள் 2019 இல் வெளியாயின.

கணக்குப்படி அந்த உடம்புக்கு நிமிடத்துக்கு 15 துடிப்பு இருக்க வேண்டும். முக்குளித்தபோது இருந்ததோ பெரும்பாலும் 4 முதல் 8 வரை. சில வேளை 2 மட்டுமே. ஆழத்தில் வாயைப் பிளந்து இரைக்கூட்டத்தின்மேல் பாயும்போது துடிப்பு கொஞ்சம் ஏறி, பிறகு மறுபடி இறங்கியது. மேலே வந்து மூச்செடுக்கும்போது 25 முதல் 37 வரை பாய்ந்தது. கீழே பட்ட ஒட்சிசன் கடனை அங்கேதான் அடைக்கிறது. 37 என்பது அந்த இதயத்தால் முடிந்த உச்சத்துக்குக் கிட்டவாக இருக்கலாம் என்கிறார்கள். இதைவிடப் பெரிய விலங்கு பூமியில் தோன்றாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

நிமிடத்துக்கு இரண்டு துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை நிமிடம். நமது இதயம் பத்து விநாடி நின்றாலே மயங்கி விழுந்துவிடுவோம். அந்த அரை நிமிடம் திமிங்கிலத்தின் மூளைக்கு இரத்தம் அனுப்புவது யார்?

பெருநாடிதான். இதயத்திலிருந்து புறப்பட்டு வளையும் அதன் முதற்பகுதி, திமிங்கிலங்களில் அகன்று, மிகவும் இழுபடும் தன்மையோடு இருக்கிறது. இதயம் சுருங்கித் தள்ளும் இரத்தத்தின் பெரும்பங்கை அது விரிந்து தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதயம் ஓய்ந்திருக்கும்போது மெல்லச் சுருங்கி அதை முன்னே அனுப்புகிறது. ஆர்மோனியக்காரர் கை விட்டு விட்டுத்தான் துருத்தியை அமுக்கும், ஆனால் சுருதி அறுவதில்லை. இங்கேயும் அதே உபாயம்.

இதே ஏற்பாடு, சிறிய அளவில், நம் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது. நமது இதயம் ஏறக்குறைய 300 கிராம். ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்குச் சுமார் 70 தடவை, தடவைக்கு 70 மில்லிலீற்றர் தள்ளுகிறது. அதில் ஏறத்தாழப் பாதியைப் பெருநாடியும் பெரிய நாடிகளும் விரிந்து வாங்கி, அடுத்த துடிப்பு வரும்வரை பங்கிடுகின்றன. பிரஷர் பார்க்கும்போது 120க்கு 80 என்கிறார்களே, அதில் மேல் எண் இதயம் தள்ளும் வேளையின் அழுத்தம். இதயம் எதையும் தள்ளாத வேளையிலும் அழுத்தம் பூச்சியமாகாமல் 80 இல் நிற்பதற்குப் பெருநாடியின் இழுபடும் தன்மையும் சிறு நாடிகளின் தடையுமே காரணம். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் முடியுரு நாடிகள் நிரம்புவதும் பெரும்பாலும் அந்த ஓய்வு வேளையில்தான். தன் பசிக்கே இதயம் பெருநாடியை நம்பியிருக்கிறது.

பெருநாடிக்கு அந்த இழுபடும் தன்மையைக் கொடுப்பது எலாஸ்ரின் என்ற புரதம். இதில்தான் சிக்கல். உடம்பு எலாஸ்ரினைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலுமே பெரும்பாலும் செய்து முடித்துவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுதும் அந்தக் கையிருப்பில்தான் ஓட்டம். ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட தடவை விரிந்து சுருங்கும் இழைகள் வயது ஏற ஏற அறுகின்றன; அந்த இடத்தை விறைப்பான கொலாஜன் பிடிக்கிறது. நாடி விறைத்தால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கும். முதியவர்களுக்கு 170க்கு 70 என்று வருவதன் பொருள் இதுதான். தள்ளும் வேலை கூடுவதால் இதயத் தசை தடிக்கிறது; அடி நேராக மூளையின், சிறுநீரகத்தின் நுண்ணிய குழாய்களில் விழுகிறது. பக்கவாதத்துக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் இப்படித்தான் பாதை போடப்படுகிறது.

வயதை நிறுத்த முடியாது. ஆனால் நாடியை முந்தியே விறைக்க வைப்பவை நம் கையில் இருக்கின்றன: கட்டுப்படாத பிரஷர், நீரிழிவு, சிகரெட், உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. அது ஒரு தேக்கரண்டி. கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் அந்தக் கணக்கு மத்தியானத்திலேயே முடிந்துபோகும். கருவாட்டை விடச் சொல்லவில்லை. அது இருக்கும் நாளில் மற்ற இரண்டும் வேண்டாம். கருவாட்டையும் நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைசுற்றினால் பார்ப்போம் என்று இருப்பவர்கள் பிந்திவிடுகிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பிரஷர் பார்க்கக் காசு கேட்பதில்லை. முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பாருங்கள். ஓய்வாக இருந்தபின்னும், வேறு வேறு நாட்களில் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் காட்டினால் வைத்தியரைக் காணுங்கள். மாத்திரை தந்தால், உடம்பு சுகமாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பிரஷர் கட்டுக்குள் நிற்பது மாத்திரை வேலை செய்வதால்தான்.