மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தா செலவு எகிறுமா? கணக்கு போட்டே பார்த்துடலாம்

உங்க கம்பெனியில ஒரு வேலை காலியா இருக்கு, ரெஃபர் பண்ணினா போனஸும் உண்டு. காலேஜ் ஜூனியர் ஒருத்தர் ரெஸ்யூம் அனுப்புறார். நல்ல மார்க், நல்ல ப்ராஜெக்ட். ஆனா அவருக்குப் பார்வை கிடையாது. ஃபார்வர்ட் பண்ணுவீங்களா, இல்ல "நம்ம ஆபீஸுக்கு செட் ஆகாதுப்பா"னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்களா? எச்ஆர் கண்ணுல படுறதுக்கு முன்னாடியே ரெஸ்யூம் நின்னுபோற இடம் இதுதான்.

"கம்பெனிக்கு எக்ஸ்ட்ரா செலவு ஆகுமே"ங்கிறதுதான் வழக்கமா வர்ற முதல் காரணம். என்ன செலவு? மாற்றுத்திறனாளின்னதும் நம்ம மனசுல வர்றது சக்கர நாற்காலி, சாய்வுதளம், லிஃப்ட். 2016 உரிமைச் சட்டத்துல மொத்தம் 21 வகை இருக்கு. காது கேளாமை, கற்றல் குறைபாடு, ஹீமோஃபிலியா, தலசீமியா எல்லாம் அதுல வருது. காது கேளாத அக்கவுண்டன்டுக்கு சாய்வுதளம் எதுக்கு? மீட்டிங்ல கேப்ஷனை ஆன் பண்ணி, பேசினதை மெயில்லயும் போட்டா போதும். பார்வையில்லாதவர் கம்ப்யூட்டர் திரையைப் படிச்சுக் கேட்க என்விடிஏ-ன்னு ஒரு மென்பொருள் இருக்கு. விலை? இலவசம்! சில வேலைக்கு, சிலருக்கு, நிஜமாவே செலவு ஆகும்தான். அதை அவர்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கணும், நாமளா கற்பனை பண்ணக்கூடாது.

"அவங்களுக்கு அரசு வேலையில கோட்டா இருக்கே?" இருக்கு, 4%. அதுவும் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுன்னு சான்றிதழ் இருக்கிறவங்களுக்கு மட்டும். 2011 கணக்கெடுப்புப்படி நாட்டுல மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அத்தனை பேருக்கும் அரசு வேலை எங்க இருந்து வரும்? தனியார்ல கோட்டா கிடையாது. ஆனா சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணை எல்லா நிறுவனமும் வெளியிடணும்னு அதே சட்டம் சொல்லுது. 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடம்னா, என்னென்ன வசதி இருக்கு, யாரைத் தொடர்புகொள்ளணும்னு அதுலயே இருக்கணும்.

எனக்கு ரொம்பக் கோபம் வர்ற நம்பிக்கை ஒண்ணு இருக்கு: "வேலை கிடைச்சதே பெருசு, சம்பளம் கொஞ்சம் கம்மியா இருந்தா என்ன?" உண்மையில அதே சம்பளத்துல அவங்க கையில மிச்சம் ஆகறது கம்மி. உங்களுக்கு மாசம் ₹1,000 பஸ் பாஸ் போதும். படி ஏற முடியாதவருக்கு பாஸ் கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல, தாழ்தளப் பேருந்து எல்லா ரூட்லயும் வராது. ஒரு தடவைக்கு ஆட்டோ ₹150-ன்னு வெச்சுக்கோங்க. போக வர 22 நாளுக்கு ₹6,600. ஆபீஸ் பக்கத்துல தரைத்தள வீடுதான் வேணும்னா வாடகையும் ஏறும். காது மெஷின், பேட்டரி, செயற்கைக் கால்னு தனிச் செலவு வேற. எஸ்ஐபி-க்கு ஒதுக்க என்ன மிஞ்சும்?

"அவங்களுக்கு டாக்ஸ் கிடையாதே"ன்னு சொல்றதும் தப்பு. 2025-26 கணக்குல 80யூ கழிவு ₹75,000 (80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா ₹1,25,000) பழைய முறையில மட்டும்தான். நீங்க எதையும் தேர்வு பண்ணலைன்னா ஆட்டோமேட்டிக்கா விழுறது புதிய முறை, அங்க இது கிடையாது. புதிய முறையில மிஞ்சுறது போக்குவரத்துப் படி. பார்வையில்லாதவங்க, காது கேளாத-பேச இயலாதவங்க, கால் இயக்கக் குறைபாடு உள்ளவங்களுக்கு 2025-26-ல மாசம் ₹3,200 வரி இல்லாம வந்தது, வருஷத்துக்கு ₹38,400.

2025-26 கணக்குல ஒரு உதாரணம். சம்பளம் ₹13 லட்சம், நிலையான கழிவு ₹75,000 போனா ₹12,25,000. செஸ் சேர்த்து வரி ₹26,000 வரும். அதே சம்பளத்துக்குள்ள இந்தப் படியைத் தனியா காட்டியிருந்தா வருமானம் ₹11,86,600 ஆகிடும், வரி பூஜ்யம்! சம்பளத்தை ஒரு ரூபா கூட கூட்டாம, பிரிச்சுக் காட்டினதாலயே இவ்வளவு மிச்சம். உங்க டீம்ல இப்படி யாராவது இருந்தா சேலரி ஸ்லிப்பை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க.

கடைசியா, "இது நம்ம விஷயம் இல்ல"ன்னு நினைக்கிறவங்களுக்கு. எல்லாரும் பிறவியிலேயே இப்படி இருக்கிறதில்ல. பைக்ல போறப்ப ஒரு நொடி போதும். அரசு ஊழியருக்குப் பணிக்காலத்துல குறைபாடு வந்தா வேலையை விட்டு எடுக்கக்கூடாது, அதே சம்பள விகிதத்துல வேற பணி கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. தனியார்ல வேலை பார்க்கிற உங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. நீங்க போட்டிருக்கிற டெர்ம் பாலிசியும், ரைடர் எடுக்கலைன்னா, பொதுவா இறந்தா மட்டும்தான் பணம் தரும். இந்த வார இறுதியில பாலிசியை எடுத்து நிரந்தர ஊனத்துக்கு கவர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தனிநபர் விபத்துக் காப்பீடு தனியா எடுங்க. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும், அந்த சம வாய்ப்புக் கொள்கையை எச்ஆர்கிட்ட கேட்டு வாங்கிப் படிங்க.