நீங்களே செய்யும் முதல் பேஸ் கிட்டாருக்கு எந்த மரம்?

எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரின் ஒலியில் பெரும்பங்கு கம்பிகளுக்கும் பிக்கப்புக்கும் உரியது. மரத்தின் முதல் வேலை, வளையாமல் நிற்பது. நான்கு கம்பிகளையும் சுருதி சேர்த்தால் அவை கழுத்தை ஏறக்குறைய 75 கிலோ விசையில் இழுக்கும். அந்த இழுப்பு இரவும் பகலும் ஓயாது. ஆகவே பேர்போன மரத்தைத் தேடி அலைய வேண்டாம். நன்றாகக் காய்ந்த, ரேகை நேராக ஓடும் மரத்தைத் தேடுங்கள்.

1951-இல் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் ஆஷ் மர உடலும் மேப்பிள் கழுத்துமாக வெளிவந்தது. இரண்டும் அமெரிக்காவில் வளர்பவை. நம் ஊர் மரவாடியில் கிடைக்கும் தேக்கும் மகோகனியும் அதே வேலையை நன்றாகவே செய்யும். தஞ்சாவூர் வீணைக்கு உடலாகும் பலாவும் பாடிக்குப் பொருந்தும்.

கழுத்து

காசை இங்கே செலவிடுங்கள். பலகையின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையக் கோடுகள் அகலப் பரப்புக்குச் செங்குத்தாக நின்றால் பலகை எளிதில் கோணாது. ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனைவரை நோட்டம் பாருங்கள். முறுக்கு, கணு, பக்கவாட்டில் சரிந்தோடும் ரேகை எது தெரிந்தாலும் வேண்டாம். கழுத்தின் உள்ளே வைக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு முன்பின் வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கை எடுக்காது. நல்ல பலகை அமையாவிட்டால் மூன்று சட்டங்களை, நடுச்சட்டத்தைத் தலைமாற்றி வைத்து, ஒட்டிக்கொள்ளலாம்.

பாடி

சுமார் 45 மி.மீ. கனம் போதும். இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டினாலும் குறையில்லை. எடையில்தான் கவனம் வேண்டும். தேக்கில் பாடி மட்டுமே 3 கிலோவைத் தொடும், தோள் வலிக்கும். மிக இலேசாக இருந்தாலோ நீண்ட கழுத்து தரையை நோக்கிச் சாயும். மகோகனி இவற்றுக்கு நடுவே நிற்கும். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. ஒட்டும் முன் தின்னரால் துடைத்துவிடுங்கள்.

வாங்குவது

மரம் கன அடிக் கணக்கில் விற்பனையாகிறது. கழிவோடு சேர்த்தாலும் உங்களுக்கு அரை கன அடி போதும். அதனால் முழு மரம் கேட்காமல், அறுத்து மீந்த துண்டுகளைக் கேளுங்கள். இடித்த வீடுகளின் உத்திரம், நிலை விற்கும் பழைய மரக் கடைகளையும் விடாதீர்கள். பல்லாண்டு காய்ந்த தேக்கு அங்கே கிடைக்கும். ஆணி, பூச்சி அரிப்பு பார்த்து எடுங்கள். கழுத்தின் மேல் ஒட்டும் ஃபிரெட்போர்டுக்கு ஈட்டி (ரோஸ்வுட்) என்றால் பில்லோடு மட்டும் வாங்குங்கள். அது 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள மரம்.

வீட்டுக்கு வந்ததும் அறுத்துவிடாதீர்கள். வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில், இடையே குச்சி கொடுத்து அடுக்குங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு, பலகையிலேயே பென்சிலால் குறியுங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் உங்கள் ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள். அதுவரை காத்திருந்தால், பின்னாளில் கழுத்து கோணியதென்று வருந்த வேண்டியிருக்காது.