பட்டச் சறுக்கு: காற்றைக் கணித்தலும் கருவிகளைத் தேர்தலும்

பட்டச் சறுக்கு அல்லது கைட்போர்டிங் என்பது, பெரிய பட்டம் ஒன்றின் இழுவிசையைக் கொண்டு, கால்களில் பொருத்திய பலகையின் மீது நின்று நீர்ப்பரப்பில் சறுக்கிச் செல்லும் விளையாட்டு ஆகும். பிரான்சைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெனூ சகோதரர்கள் காற்றடைத்த விளிம்புடைய பட்டத்துக்கு 1984 இல் காப்புரிமை கோரினர். நீரில் விழுந்தாலும் மிதந்து, மீண்டும் எழக்கூடிய இவ்வகைப் பட்டமே விளையாட்டு பரவக் காரணமாயிற்று. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. மார்சேய் நகரில் நடந்த போட்டிகளில் பிரித்தானியாவின் எல்லி ஆல்ட்ரிட்ஜ், ஆஸ்திரியாவின் வாலண்டின் பொண்டுஸ் ஆகியோர் தங்கம் வென்றனர்.

படகின் இயந்திரத்தை வேண்டும்போது நிறுத்தலாம். காற்றை நிறுத்த முடியாது. ஆகவே இவ்விளையாட்டின் முக்கியமான முடிவு நீரில் இறங்கும் முன், கரையிலேயே எடுக்கப்படுகிறது. காற்றின் வேகம், திசை, சீர்மை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காற்றின் வேகம்

கடலில் காற்றின் வேகம் நாட் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பெரும்பாலானோருக்கு 12 முதல் 25 நாட் வரையிலான காற்று ஏற்றது. தொடக்கநிலையினர் இதன் கீழ்ப்பகுதியோடு நின்றுகொள்வது நல்லது.

காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 12 நாட் காற்று 24 நாட் ஆனால் இழுவிசை இரண்டு மடங்கன்று, நான்கு மடங்காகிறது.

கருவி இல்லாமலும் வேகத்தை ஓரளவு கணிக்கலாம். போஃபோர்ட் அளவுகோலின்படி, 7 முதல் 10 நாட் வரையிலான காற்றில் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்நுரை தோன்றும். 11 முதல் 16 நாட் வரை வெண்நுரை அடிக்கடி தெரியும். 17 முதல் 21 நாட் வரை எங்கு நோக்கினும் வெண்நுரையாக இருக்கும். வானிலை முன்னறிவிப்புகள் பொதுவாக 10 மீட்டர் உயரத்துக் காற்றையே தருகின்றன. தரையருகே கையில் பிடித்து அளக்கும்போது குறைவாகக் காட்டலாம். ஆனால் பட்டம் பறப்பது மேலே உள்ள வலுவான காற்றில்.

காற்றின் திசை

கரைக்கு இணையாக வீசும் காற்றும், கரையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றும் பாதுகாப்பானவை. ஏதேனும் பழுது நேர்ந்தால் சாய்வுக் காற்று ஆளை மெல்லக் கரையில் சேர்த்துவிடும். கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடிக்கும் காற்று, புறப்படும்போதே ஆளை மணலிலும் மரத்திலும் மோதச் செய்யலாம். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றே மிக ஆபத்தானது. பட்டம் விழுந்தால் ஆள் ஆழ்கடல் நோக்கித் தள்ளப்படுவார். மீட்புப் படகு இல்லாத இடத்தில் அந்தக் காற்றில் இறங்கக் கூடாது.

இதற்கு இராமேசுவரம் தீவு நல்ல எடுத்துக்காட்டு. தனுஷ்கோடி நோக்கி நீளும் மணல் திட்டின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்கரைக்குக் கடலிலிருந்து காற்று வரும். அதே காற்று வடகரையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். வடகரையோர நீர் அப்போது அலையின்றி அமைதியாகத் தோன்றும். அந்த அமைதியைப் பார்த்து இறங்குவோர், காற்று தம்மை எங்கே கொண்டுபோகும் என்பதை எண்ண வேண்டும். வாடைக் காலத்தில் இந்நிலை தலைகீழாகும்.

இலங்கையில் புத்தளம் களப்பை ஒட்டிய கற்பிட்டி, இவ்விளையாட்டுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கும் ஏறத்தாழ மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றும், டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றுமாக இரு பருவங்கள் உண்டு.

காற்றின் சீர்மை

சராசரி வேகம் மட்டும் போதாது. திடீர் வீச்சுகளின் வேகத்தையும் பார்க்க வேண்டும். சராசரி 15 நாட், வீச்சு 18 நாட் என்றால் விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், கையாளக்கூடியது. அதே சராசரியில் வீச்சு 25 நாட் என்றால் விசை இரண்டே முக்கால் மடங்காகிறது. நின்றிருப்பவரைத் தூக்கி எறிய இது போதும். கட்டடம், தோப்பு, குன்று ஆகியவற்றைக் கடந்து வரும் காற்று இப்படித் துண்டுதுண்டாக வரும். கடல்மேல் தடையின்றி வரும் காற்று சீராக இருக்கும்.

கருத்துத் திரளும் இடிமேகம் அடிவானில் தெரிந்தால் கரையேறிவிட வேண்டும். மழை தொடங்கும் முன்பே அதிலிருந்து குளிர்ந்த காற்று பாய்ந்து வரும். இருந்த காற்று சட்டென்று அடங்குவதும், திசை மாறிக் குளிர்வதும் அதன் முன்னறிகுறிகள்.

பட்டத்தின் அளவு

பட்டத்தின் பரப்பு சதுர மீட்டரில் குறிக்கப்படுகிறது. உடல் எடையைக் கிலோவில் எடுத்து, 2.2 ஆல் பெருக்கி, காற்றின் நாட் வேகத்தால் வகுத்தால் ஏற்ற அளவு தோராயமாகக் கிடைக்கும். 75 கிலோ எடையுள்ளவருக்கு:

12 நாட் – சுமார் 14 சதுர மீட்டர்
15 நாட் – 11 சதுர மீட்டர்
20 நாட் – சுமார் 8 சதுர மீட்டர்
25 நாட் – சுமார் 7 சதுர மீட்டர்

50 கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் காற்றில் 7 சதுர மீட்டர் போதும். நண்பரின் பட்டத்தை அப்படியே வாங்கிப் பறக்கவிடுவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். இது வழிகாட்டும் கணக்கே. பட்டத்தின் வடிவம், பலகை, பயிற்சி ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும். இரண்டு அளவுகளுக்கிடையே ஐயம் வந்தால் சிறியதை எடுக்க வேண்டும். சிறிய பட்டம் எடுத்தவர் மெதுவாகச் செல்வார், அவ்வளவுதான். பெரியதை எடுத்தவர் கட்டுப்பாட்டையே இழக்கலாம்.

பலகையும் பாதுகாப்புக் கருவிகளும்

இரு முனையும் ஒரே வடிவிலுள்ள பலகையே பொதுவாகப் பயன்படுகிறது. மெல்லிய காற்றுக்கு நீளமும் அகலமும் கூடிய பலகை, வலுத்த காற்றுக்குச் சிறிய பலகை என்பது வழக்கம். அடியில் நீர்ச்சிறகு பொருத்திய பலகை, 10 நாட்டுக்குக் குறைந்த காற்றிலும் ஓடும். ஒலிம்பிக்கில் பயன்படுவது இவ்வகை.

உயிர்காப்பு மேலாடை, தலைக்கவசம், சிக்கிய கயிற்றை அறுக்கும் கத்தி ஆகியவை உடன் இருக்க வேண்டும். இடுப்புப் பட்டையோடு பட்டத்தை இணைக்கும் கொக்கியில் அவசர விடுவிப்பு அமைப்பு உண்டு. அதை இயக்கினால் பட்டம் ஒரே கயிற்றில் தொங்கி இழுவிசையை இழக்கும். மணலோ உப்போ படிந்து அது இறுகியிருக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் கரையில் இயக்கிப் பார்க்க வேண்டும்.

புறப்படும் முன்

சுமார் 15 நிமிடம் கரையில் நின்று காற்றைக் கவனிப்பது பயனுள்ளது. காற்று போகும் பக்கம் ஆட்கள், பாறை, மின்கம்பி, மீன்பிடி வலை ஏதும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவ்விடத்து மீனவர்களைக் கேட்டால், எந்த வேளையில் காற்று திரும்பும், நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும் என்பது தெரியவரும். முன்னறிவிப்பும் கண்ணெதிரே காணும் கடலும் முரண்பட்டால் கடலையே நம்ப வேண்டும். அன்று இறங்காமல் திரும்புவதும் இவ்விளையாட்டில் கற்றுக்கொள்ள வேண்டிய திறன்களுள் ஒன்று.