காலையில் எழும்ப விடாத நாரி நோவு



சுபஹ் பாங்கு சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் எழும்பிவிட்டார்கள். மருமகள் மட்டும் இன்னும் எழும்பவில்லை. நாரி விறைத்துப் போய்க் கிடக்கிறது. ஒரு பக்கமாகப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துத்தான் அவளால் உட்காரவே முடிகிறது. வுழூச் செய்யக் குனிய முடியவில்லை. ஸுஜூதுக்குப் போனால் நிமிர்வது பெரும்பாடு. ஆனால் காலை ஒன்பது, பத்து மணியானதும் அதே பெண் முற்றம் கூட்டுகிறாள், தண்ணீர் அள்ளுகிறாள், உடுப்புத் துவைக்கிறாள். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்?

"விடியக்காலையில ஏலாது என்கிறாள். பத்து மணிக்கு ஓடித் திரியிறாள். இது என்ன வருத்தம்?"

இந்தக் கேள்வி எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களின் மனதைப் புண்படுத்தியிருக்கும்! ஆனால் சகோதரிகளே, மருத்துவம் இந்தக் கேள்வியை வேறு விதமாகப் பார்க்கிறது. ஓய்வெடுக்கும்போது கூடி, நடமாடும்போது குறையும் முதுகு நோவு ஒரு குறிப்பிட்ட நோயின் முக்கிய அடையாளம். அந்தப் பெண்ணைச் சந்தேகிக்க நாம் எதைக் காரணமாகக் காட்டுகிறோமோ, அதையே வைத்துத்தான் வைத்தியர் அவளது நோயைக் கண்டுபிடிக்கிறார்.

இது என்ன நோய்?

மூட்டுவாதம் என்றதும் நமக்கு வயதானவர்களின் முழங்கால் நினைவுக்கு வரும். இது வேறு. முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி மூட்டுவாதம் இது. இதன் முற்றிய வடிவத்திற்கு வைத்தியர்கள் 'அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ்' என்று பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுகளில் தொடங்கும். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்குவது அரிது.

முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்புகளோடு சேரும் இடத்தில், இடமும் வலமுமாக இரண்டு மூட்டுகள் உண்டு. நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நமது உடலின் பாதுகாப்புச் சக்தி, தவறுதலாக உடலையே தாக்குகிறது. தசைநார்கள் எலும்போடு ஒட்டும் இடங்கள் அழற்சியால் புண்படுகின்றன. அந்தப் புண் ஆறும்போது அங்கே புது எலும்பு வளர்கிறது. சிகிச்சையின்றிப் பல வருடங்கள் சென்றால், தனித்தனியாக அசைய வேண்டிய முதுகெலும்புகள் சிலருக்கு ஒன்றோடொன்று ஒட்டி, மூங்கில் தடி போலாகிவிடுகின்றன. கழுத்தைத் திருப்ப முடியாது. நிமிர்ந்து பார்க்க முடியாது. விலா எலும்பு மூட்டுகளும் இறுகுவதால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது.

கந்தளாயில் வாழும் சகோதரிகளுக்கு ஒன்றை நினைவூட்டலாம். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் நமது குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போனது. அந்த இரவைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கட்டு உடைந்த பிறகு ஓடுவதை விட, கட்டில் சிறு கசிவு தெரியும்போதே கவனிப்பதுதான் அறிவு என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முதுகெலும்பும் அப்படித்தான். ஒட்டிய எலும்பை மருந்தால் பிரிக்க முடியாது. ஒட்டுவதற்கு முன்பு கவனித்தால் நிறையவே செய்யலாம்.

பெண்களுக்கு ஏன் தாமதம்?

ஒரு காலத்தில் இதை ஆண்களின் நோய் என்றே வைத்தியப் புத்தகங்கள் எழுதின. பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு பிழையென்று இன்று தெரிகிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் நிலையில் ஆண்கள் இரண்டு மூன்று மடங்கு அதிகம்தான். ஆனால் எக்ஸ்ரேயில் தெரியாத ஆரம்ப நிலையில் ஆண்களும் பெண்களும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கிறார்கள். பெண்களுக்கு எலும்பு ஒட்டுவது மெதுவாக நடக்கிறது. அதனால் படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. நோவு மட்டும் குறைவதில்லை.

13 ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், நோவு தொடங்கி அது இன்ன நோய் என்று கண்டுபிடிக்கச் சராசரியாக ஏழு வருடங்களுக்கு மேல் ஆனது தெரியவந்தது. பெண்களுக்கு எட்டு வருடங்களையும் தாண்டியது. வசதியுள்ள நாடுகளிலேயே இந்த நிலை!

நம் வீடுகளில் தாமதத்திற்குக் காரணங்கள் தயாராகவே இருக்கின்றன. "பிள்ளை பெத்த உடம்பு, நாரி நோகத்தான் செய்யும்" என்போம். "சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம்" என்போம். அந்த ஊசியால் வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகு நோவு வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பெரும்போகத்தில் களை பிடுங்கியதால் என்போம். வயல் வேலையால் வரும் நோவு பொதுவாகப் படுத்து ஓய்வெடுத்தால் குறையும். படுத்தால் கூடும் நோவுக்கு வயலைக் குறை சொல்ல முடியாது.

உங்களையே கேட்டுப் பாருங்கள்

உங்களுக்கோ, மகளுக்கோ, மருமகளுக்கோ, தம்பிக்கோ முதுகு நோவு மூன்று மாதத்திற்கு மேலாக இருந்தால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

ஒன்று: நோவு நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கியதா? விழுந்ததாலோ பாரம் தூக்கியதாலோ அல்லாமல், எப்போது வந்தது என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல வந்ததா?

இரண்டு: காலையில் விறைப்பு அரை மணி நேரத்திற்கு மேல் நீடிக்கிறதா?

மூன்று: நடந்தால், அசைந்தால் குறைகிறதா? படுத்தே கிடந்தால் கூடுகிறதா?

நான்கு: இரவின் பிற்பகுதியில் நோவு உங்களை எழுப்பிவிடுகிறதா? எழுந்து சற்று நடந்தால்தான் மீண்டும் படுக்க முடிகிறதா?

ஐந்து: பிட்டத்தில் ஒரு நாள் இடப்பக்கம், ஒரு நாள் வலப்பக்கம் என்று நோவு மாறி மாறி வருகிறதா?

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், இனியும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இவற்றோடு குதிக்கால் நோவு, தோலில் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ், நீடித்த வயிற்றோட்டம், குடும்பத்தில் வேறொருவருக்கு இதே நோய் ஆகியவை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எப்போதாவது ஒரு கண் திடீரென்று சிவந்து, நொந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். சாதாரணக் கண்நோய் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். அன்றே கண் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தாமதித்தால் பார்வைக்கே ஆபத்து வரலாம்.

வைத்தியசாலையில் என்ன நடக்கும்?

முதலில் கந்தளாய் தள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். "நாரி நோகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை மாதமாக நோகிறது, காலையில் எவ்வளவு நேரம் விறைக்கிறது, எதனால் குறைகிறது, இரவில் எழுப்புகிறதா என்று மேலே சொன்ன ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போய்ச் சொல்லுங்கள். மூட்டுவாத விசேட நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் ராகமையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலையிலும் இதற்கான தனிப் பிரிவுகள் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை.

இந்த நோயை ஒரேயொரு பரிசோதனையால் உறுதிப்படுத்த முடியாது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற பரிசோதனைகள் செய்வார்கள். ஆனால் நோய் இருந்தும் இவை சரியாக இருக்கக்கூடும். எச்.எல்.ஏ.-பி27 என்ற பரம்பரைக் கூறு இந்நோயோடு தொடர்புடையது என்று 1973ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். அது இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அது இல்லாத சிலருக்கும் நோய் வருகிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல வருடங்கள் ஆகலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் அழற்சி முன்கூட்டியே தெரியும். ஆகவே "இரத்தம் சரி, எக்ஸ்ரே சரி, உனக்கு ஒன்றுமில்லை" என்பதோடு கதை முடிந்துவிடாது. நோவு தொடர்ந்தால் மீண்டும் போய்ச் சொல்லுங்கள்.

சிகிச்சை என்ன?

முதல் மருந்து உடற்பயிற்சி! இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல, மருந்து உண்பவர்களுக்கும் இது அவசியம். காலையில் வெந்நீரில் குளித்த பின் முதுகைச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். கை, முழங்கால்களை ஊன்றி முதுகை மெல்ல மேலே வளைத்துப் பின் கீழே இறக்குங்கள். தினமும் கால் மணி நேரம் குப்புறப் படுங்கள். நெஞ்சு விரிய ஆழமாக மூச்சு இழுத்து விடுங்கள். மெல்லிய தலையணையையும் உறுதியான மெத்தையையும் பாவியுங்கள். கொழும்புக்கு இரவுப் பயணம் போனால் இடையிடையே எழுந்து நில்லுங்கள். ஐவேளைத் தொழுகையின் அசைவுகள் உடலுக்கு நல்லவையே. ஆனால் அவற்றில் முன்னால் குனிவதே அதிகம். பின்னால் நிமிரும் பயிற்சியைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். நோவு மிகுந்த நாட்களில் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

திருகோணமலைக்குப் போகும்போது கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் குளித்தால் சுகமாக இருக்கிறது என்பார்கள். உண்மைதான், சூடு விறைப்பைத் தளர்த்தும். ஆனால் அந்த ஏழு கிணற்று நீரும் நோயை மாற்றாது.

அடுத்தது அழற்சியைக் குறைக்கும் நோவு மாத்திரைகள். நெப்ரொக்சன், டைக்ளோபெனக், இண்டோமெதசின் போன்றவை பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் பாமசியில் நாமாக வாங்கி விழுங்கும் குளிசைகள் அல்ல இவை. வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். அயலிலுள்ள வட மத்திய மாகாணத்தில் விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் எப்படி வாட்டுகிறது என்பதை நாம் அறிவோம். சிறுநீரகப் பரிசோதனை செய்து, வைத்தியர் சொன்ன அளவில், சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் இஃப்தாருக்குப் பின்னும் ஸஹருக்குப் பின்னும் எடுக்கலாமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். கர்ப்பமானால் உடனே சொல்லிவிடுங்கள். ஐந்தாம் மாதத்திற்குப் பிறகு இந்தக் குளிசைகள் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யலாம். ஸ்டீரொய்ட் குளிசைகளை நீண்ட காலம் விழுங்குவது இந்நோய்க்கு ஏற்றதல்ல.

இவற்றால் அடங்காவிட்டால் புதிய ஊசி மருந்துகள் உள்ளன. இன்பிளிக்சிமாப், எட்டனர்செப்ட் ஆகியவை 2003ஆம் ஆண்டு முதல் இந்நோய்க்குப் பயன்படுகின்றன. பின்னர் அடாலிமுமாப், செகுகினுமாப் போன்றவையும் வந்தன. விலை கூடியவை. ஆனால் எழும்ப முடியாதிருந்த பலரை எழுப்பி நடக்க வைத்தவை. தொடங்கும் முன் உடலில் ஒளிந்திருக்கும் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் இவை அதைத் தூண்டிவிடக்கூடும்.

செய்யக் கூடாதவை இரண்டு. முதுகை முறுக்கி நெட்டி எடுப்பதற்காக யாரிடமும் போகாதீர்கள். நோய் முற்றிய முதுகெலும்பு எளிதில் முறியும். குளியலறையில் சிறிதாக வழுக்கி விழுந்து புது நோவு வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரண்டாவது, புகை. புகைப்பவர்களுக்கு இந்நோய் வேகமாக முற்றுகிறது. வீட்டுக்குள் சிகரெட் பற்றவைக்கும் ஆண்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"இந்த நோய் என்று தெரிந்தால் மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார்?" என்று அஞ்சி மறைக்கும் தாய்மார்கள் உண்டு. சகோதரிகளே, இது தொற்றும் நோயல்ல. இந்நோயுள்ள பெரும்பாலான பெண்கள் நல்லபடியாகக் கருத்தரித்துப் பிள்ளை பெறுகிறார்கள். பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதில்லை. மறைப்பதால் நோய் போகாது, சிகிச்சைக்குரிய வருடங்கள்தான் போகும்.

மாமிமாரே! நாளை காலை உங்கள் மருமகள் கட்டிலைப் பிடித்து எழும்ப முயன்றால், "இன்னுமா படுக்கை?" என்று கேட்கும் முன், "மகள், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? நடந்தால் குறைகிறதா?" என்று கேளுங்கள். அவள் 'ஆம்' என்றால், ஒரு போத்தல் வெந்நீரைக் கையில் கொடுத்து, கிளினிக் நாளன்று அவளோடு நீங்களும் பஸ் ஏறுங்கள். பத்து மணிக்கு அவள் ஓடித் திரிவது ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அதை வைத்தியரிடம் எடுத்துச் சொல்ல உங்களை விடப் பொருத்தமான சாட்சி வேறு யார்?