பொம்மை நோயாளியும் தயங்காத ஆசிரியரும்

மாணவர்களே, இதுவரை யாருக்கும் ஊசி போட்டிராத ஒருவர் உங்களிடம் வந்தால் கையை நீட்டுவீர்களா? தயங்குவீர்கள் அல்லவா? அதனால்தான் தாதியர் பயிற்சியில் பொம்மை நோயாளிகள் இருக்கின்றன.

இது புதிய வழக்கமன்று. 1911ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்காக, பொம்மை செய்யும் தொழிலில் இருந்த மார்த்தா ஜென்கின்ஸ் சேஸ் ஆள் உயரப் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார். 'திருமதி சேஸ்' எனப்பட்ட அந்தப் பொம்மையைக் கொண்டு, நோயாளியைப் படுக்கையில் திருப்பவும் உடை மாற்றவும் மாணவிகள் பழகினர்.

இன்றைய பொம்மைகளுக்கு நாடி துடிக்கும். மார்பு ஏறி இறங்கும். ஆசிரியர் அடுத்த அறையில் அமர்ந்து, கணினி மூலம் அதன் இரத்த அழுத்தத்தை மாற்றுவார். நோயாளியின் குரலிலும் பேசுவார். இதுவே பாவனைப் பயிற்சி.

வார்டில் பல ஆண்டு அனுபவமுள்ள தாதியும் இப்படிக் கற்பிக்கத் தயங்கக்கூடும். காரணம், நோயாளியைக் கவனிப்பது ஒரு திறன். மாணவர் தவறு செய்யும்போது குறுக்கிடாமல் காத்திருப்பது வேறொரு திறன்.

பெனிசிலின் ஒவ்வாமை உள்ள 'நோயாளிக்கு' ஒரு மாணவி அதே மருந்தைக் கொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்னம்பிக்கை குறைந்த ஆசிரியர் பதறிப்போய் உடனே தடுத்துவிடுவார். மாணவிக்கு விடை கிடைக்கும்; ஆனால் தவறின் விளைவு தெரியாது. தன்னம்பிக்கை உள்ளவர் பொறுத்திருப்பார். பொம்மைக்கு மூச்சுத் திணறும். இரத்த அழுத்தம் சரியும். பயிற்சி முடிந்ததும் எல்லாரும் அமர்ந்து பேசுவார்கள். அப்போது ஆசிரியர் அதட்டாமல், "மருந்தை எடுத்தபோது என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்பார். ஒவ்வாமைக் குறிப்பைப் பார்க்காமல் விட்டது மாணவிக்கே புலப்படும். பாவனைப் பயிற்சியில் பெரும்பகுதிக் கற்றல் நடப்பது இந்தக் கலந்துரையாடலில்தான்.

2014இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்று, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை பாவனைப் பயிற்சியாக மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை எனக் கண்டது. ஆனால், அதில் கற்பித்த ஆசிரியர்கள் அதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்கள். விலையுயர்ந்த பொம்மையை வாங்கி வைத்தால் மட்டும் அந்தப் பலன் கிட்டாது.

இந்தத் தன்னம்பிக்கை பிறவியில் வருவதன்று. அனுபவமுள்ளவர் நடத்துவதைப் பார்த்து, காட்சியை முன்கூட்டியே ஒத்திகை செய்து, பிறகு சக ஆசிரியரின் கருத்தைக் கேட்டு வளர்வது. ஆசிரியர் அதைப் பெறாவிட்டால், பொம்மையிடம் நடந்து முடிந்திருக்க வேண்டிய தவறு உண்மையான நோயாளியிடம் நடக்கலாம்.