மடியில் விரிந்த படம்... மனசை விட்டுப் போகாத மருந்து!

கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள். சின்ன வயசில் நீங்கள் பார்த்த படப் புத்தகங்களில் எந்தப் படம் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது?

ஐம்பது வயசைத் தாண்டியவர்களிடம் கேட்டால் பலரும் சொல்கிற பதில் ஒன்றுதான். சுடுகாட்டு இருட்டு. உருவிய வாளோடு நடக்கும் ராஜா. அவர் தோளில் தொங்கும் உடல். 'அம்புலிமாமா'வின் விக்கிரமாதித்தனும் வேதாளமும்!

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த செய்யுள் மறந்துபோச்சு. போன மாசம் வைத்த சாவி எங்கே என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் படம் மட்டும் அழியவே இல்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், இன்றைக்கு நம் வீட்டுக் குழந்தைக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வேதாளத்தை வரைந்த கை

நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை இது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, வபா என்று பெரிய ஓவியர் கூட்டமே அதற்கு வரைந்தது. நம் மனசில் பதிந்த அந்த வேதாளத்தை வரைந்தவர் 'சங்கர்' என்கிற கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர். 1952-ல் அம்புலிமாமாவில் சேர்ந்து, சுமார் அறுபது வருஷம் அதே வீட்டுப் பிள்ளையாக இருந்தார். 2020 செப்டம்பரில், 96 வயசில் காலமானார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கிய அம்புலிமாமா இன்று இல்லை. சலூன் கடை பெஞ்சில் முறை வைத்துப் படித்த காமிக்ஸும் அந்தக் கடைகளை விட்டுப் போய்விட்டது. படங்கள் மட்டும் நம் மூளையில் பத்திரமாக இருக்கின்றன.

ஐம்பொறியும் சேருமிடம்

மெய், வாய், கண், மூக்கு, செவி என்று ஐந்து பொறிகளைச் சொல்கிறது சித்த மருத்துவம். இந்த ஐந்தின் வழியாகத்தான் உலகம் நமக்குள் வருகிறது. இப்போது படப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பாருங்கள்.

கண்ணுக்குப் படம். செவிக்கு அம்மாவின் குரல். மூக்குக்குத் தாள் வாசனை, கூடவே அம்மாவின் புடவை வாசனை. மெய்க்கு மடியின் கதகதப்பு. மீதி வாய்தானே? புத்தக அட்டையைக் கடிக்காத குழந்தை உண்டா, சொல்லுங்கள்!

ஐந்து வாசலும் ஒரே சமயத்தில் திறக்கிறது. அந்த வழியாக உள்ளே போனது சுலபத்தில் வெளியே வருமா?

நவீன விஞ்ஞானமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. கனடா நாட்டு உளவியல் நிபுணர் ஆலன் பைவியோ, 1971-ல் எழுதிய நூலில் ஒரு விஷயத்தை விளக்கினார். சொல்லாக மட்டும் வந்தது மூளையில் ஒரு தடம் போடுகிறது. சொல்லும் படமுமாக வந்தது இரண்டு தடம் போடுகிறது. ஒன்று மங்கினாலும் இன்னொன்று இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

"இன்னொரு வாட்டி!"

ஒரே புத்தகத்தைக் கொண்டுவந்து "இன்னொரு வாட்டி சொல்லு, இன்னொரு வாட்டி சொல்லு" என்று குழந்தை பிடுங்கி எடுக்கும். நமக்கு அலுத்துப்போகும். ஆனால் அலுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயசுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2011-ல் அது வெளியானது. வெவ்வேறு கதைகளைக் கேட்ட குழந்தைகளைவிட, ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள்தான் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

"வேதாளம், ராட்சசன் என்று பயங்காட்டும் படம் போட்டால் குழந்தை அரண்டுபோகாதா டாக்டர்?" என்று சிலர் கேட்கிறார்கள். மடியில் உட்கார்ந்து படுகிற பயம் வேறு, தனியாக இருட்டில் படுகிற பயம் வேறு. பக்கத்தைப் புரட்டுவது குழந்தையின் கை. பயமாக இருந்தால் மூடிவிடலாம், தைரியம் வந்தால் திறக்கலாம். இதுவே ஒரு பயிற்சிதான். ஆனால் ராத்திரி அலறி எழுந்தாலோ, படுக்கையை நனைத்தாலோ அந்தப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் பரணில் போட்டுவிடுங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம்.

போன் காட்டினால்தான் சோறு

சமீபத்தில் கிளியனூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மா இரண்டரை வயசுப் பெண் குழந்தையோடு வானூரில் என்னைப் பார்க்க வந்தார்.

"போன்ல பாட்டு போட்டாத்தான் ஐயா சோறு எறங்குது. இன்னும் 'அம்மா'ன்னுகூட கூப்ட மாட்டேங்குது. வசம்பு தேய்ச்சா பேச்சு வந்துடுமா?"

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பேர் உண்டு. நல்ல மருந்துதான். ஆனால் பச்சையாக இழைத்துக் குழந்தை நாக்கில் தடவினால் வாந்தி, மயக்கம் வரலாம். வைத்தியர் யோசனை இல்லாமல் தொடவே கூடாது. அதைவிட முக்கியம், பேச்சு தாமதமானால் முதலில் பார்க்க வேண்டியது காது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் காதைப் பரிசோதித்துக்கொண்டு வரச் சொன்னேன். காதில் குறையில்லை. கூப்பிட்டால் திரும்புகிறது, முகம் பார்க்கிறது, சிரிக்கிறது. அதன் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் வீட்டில் யாருக்கும் நேரமில்லை!

போன் பாடும், ஆடும். ஆனால் குழந்தை "அது என்ன?" என்று விரல் நீட்டினால் பதில் சொல்லாது. பேச்சு என்பது கொடுக்கல் வாங்கல் இல்லையா? இரண்டு வயசு ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயசு வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. உட்கார்ந்திருக்கிற நேரத்தில் பெரியவர்கள் கதை சொல்லட்டும், புத்தகம் படித்துக் காட்டட்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

"எனக்குப் படிக்கத் தெரியாதே!"

"தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் ஒரு படப் புத்தகத்தோடு உட்காருங்கம்மா" என்றேன். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "நான் முந்திரித் தோப்பு வேலைக்குப் போறேன். வூட்ல ஆயாதான் பாத்துக்குது. அதுக்கு எழுத்து தெரியாதே ஐயா."

படம் பார்க்க எழுத்து எதற்கு? காக்கா படத்தைப் பார்த்தால் காக்கா கதை வராத ஆயா நம்ம பக்கத்தில் யார்? படப் புத்தகத்தின் பெருமையே அதுதான். பட்டம் வாங்கியவருக்கும், கைநாட்டு வைப்பவருக்கும் அது ஒரே மாதிரி திறக்கிறது.

நாலு மாசம் கழித்து ஆயாவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை காக்கா படத்தில் விரலை வைத்து, "ஆயா... கா!" என்றது. "கதைய மாத்திச் சொன்னா கையில அடிக்குது டாக்டரு" என்று ஆயாவுக்கு ஒரே சிரிப்பு. நிறுத்திய போனுக்கும் இதில் பங்கு உண்டு, ஆயாவின் மடிக்கும் பங்கு உண்டு. எல்லாக் குழந்தைக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத குழந்தை, கண்ணைப் பார்க்காத குழந்தை என்றால் புத்தகத்தோடு காத்திருக்காமல் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் புத்தகம் தருவது புதுசும் இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் 1989-லேயே, சிகிச்சைக்கு வரும் ஏழைக் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் கொடுத்தனுப்பும் திட்டத்தை டாக்டர்கள் ஆரம்பித்தார்கள். 'ரீச் அவுட் அண்ட் ரீட்' என்ற அந்தத் திட்டம் பிறகு நாடு முழுவதும் பரவியது.

எழுதிக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டு!

* வேளை: ராத்திரி தூங்கப் போகும் முன் பத்து நிமிஷம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

* அளவு: ஒரு சமயத்தில் ஒரே புத்தகம். குழந்தை கேட்டால் அதே புத்தகம் மறுபடியும்.

* அனுபானம்: மடியும் குரலும். தேனும் பாலும் இல்லாமல் சூரணம் இறங்காத மாதிரி, இவை இல்லாமல் புத்தகம் இறங்காது.

* பத்தியம்: "இது என்ன எழுத்து? சொல்லு!" என்று பரீட்சை வைக்கக் கூடாது. அட்டையைக் கடித்தால் அடிக்கக் கூடாது.

* கிடைக்குமிடம்: நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா போன்றவர்கள் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் போடுகிறார்கள். பள்ளிக் கல்வித் துறை 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் 'நுழை, நட, ஓடு, பற' புத்தகங்களை அரசுப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரிக்குப் போனால் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். எதுவுமே இல்லையா? பழைய காலண்டர் படங்களை வெட்டி ஒட்டித் தைத்தால் அதுவும் படப் புத்தகம்தான்.

வல்லாரையும் பிரமியும் ஞாபகத்துக்கு நல்லதுதான். ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள நல்லதாக ஏதாவது உள்ளே இருக்க வேண்டுமே! ஐம்பது வருஷம் கழித்து உங்கள் குழந்தையும் கண்ணை மூடி யோசிக்கும். அப்போது அதற்கு ஒரு படமும், கூடவே உங்கள் குரலும் ஞாபகம் வர வேண்டாமா? இன்றைக்கு ராத்திரியே ஆரம்பியுங்களேன்!